ஸ்டேஷன், வார்டு, கல்லறைத் தோட்டம்

குற்றவியல் படித்த பெண்ணுக்கு விஷ வார்டில் என்ன வேலை, தர்கா வாசலில் என்ன வேலை என்று என் பணிக்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கு நிதி கேட்டு எழுதினால், "இது சுகாதாரத் துறை பார்க்க வேண்டியது" என்று பதில் வரும். சுகாதாரத் துறையில் கேட்டால், "போலீஸ் சம்பந்தப்பட்டதாச்சே" என்பார்கள். கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் என்று நான் போய் வந்தது இரண்டு தரப்புக்குமே பிடிக்கவில்லை. ஆராய்ச்சியாளர் கால் வைக்கக்கூடாத இடம் அது என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு.

நான் ஆராய்ந்தது தற்கொலை முயற்சியை. நான் படிக்க வந்த காலத்தில், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்த ஒருவர் சட்டத்துக்குக் குற்றவாளி, ஆஸ்பத்திரிக்கு நோயாளி, பிறந்த மதத்துக்குப் பாவி அல்லது தோஷம் பட்டவர். மூன்று இடத்திலும் அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்ததே இல்லை. அந்த மூன்றையும் ஒரே மேஜையில் விரித்து வைத்துப் படிப்பது என் வேலையாக ஆகிப்போனது. இன்று நிலைமை நிறைய மாறியிருக்கிறது. போதுமான அளவு மாறவில்லை.

1986-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் முதுகலையில் சேர்ந்தேன். தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர். அப்பா கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிறவர். "போலீஸ் ஆகப் போறியாட்டி?" என்று சித்தி கேட்டாள். குற்றவியல் என்றால் அன்று எங்கள் ஊரில் அவ்வளவுதான் அர்த்தம். இந்தியக் குற்றவியல் சங்கம் 1970-இலேயே சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியாயிற்று என்பதெல்லாம் எங்கள் யாருக்கும் தெரியாது.

முதல் ஆண்டில் எமில் துர்கெய்மைப் படித்தோம். தற்கொலையைப் பற்றி அவர் எழுதிய நூல் 1897-இல் வந்தது. யூத ரபியின் மகன் அவர். புராட்டஸ்டண்ட் பகுதிகளில் தற்கொலை கூடுதலாகவும் கத்தோலிக்கப் பகுதிகளில் குறைவாகவும் இருப்பதைக் காட்டி, அதற்குக் காரணம் வேதநூல் விதிக்கும் தடை இல்லை, மனிதரை மனிதரோடு கட்டிவைக்கும் கூட்டுவாழ்வுதான் என்று வாதிட்டார். அந்தப் புள்ளிவிவரத்தையும் முடிவையும் பின்னால் வந்தவர்கள் நிறையக் கேள்வி கேட்டார்கள். ஆனால் மதத்தையும் மரணத்தையும் ஒரு சமூகத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்கு முதலில் காட்டியவர் அவர்தான்.

அந்த நூலைப் பற்றிய இன்னொரு செய்திதான் என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. சுமார் 26,000 தற்கொலைப் பதிவுகளைத் துர்கெய்முக்காகப் பிரித்து வகைப்படுத்தியவர் அவருடைய சகோதரி மகன் மார்செல் மோஸ். அந்தப் பதிவுகள் இருந்தது பிரெஞ்சு நீதி அமைச்சகத்தில். அங்கே குற்றப் புள்ளிவிவரப் பிரிவுக்குத் தலைவராக இருந்து அவற்றைப் பார்க்க அனுமதித்தவர் கேப்ரியல் தார்த், அவரும் குற்றவியல் அறிஞர். ஆக, சாவுக்குக் காரணம் தேடிப் போனவர் நீதித்துறை அலமாரியைத்தான் திறக்க வேண்டியிருந்தது. நம் நாட்டிலும் அப்படித்தான். 1967 முதல் வரும் விபத்து, தற்கொலை மரணங்கள் பற்றிய ஆண்டறிக்கையை இன்று வெளியிடுவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருப்பது. போலீஸ் எழுதியதுதான் கணக்கு.

போலீஸ் என்ன எழுதியது என்று பார்க்கத்தான் ஆய்வை ஆரம்பித்தேன்.

இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 1860-இல் எழுதப்பட்டது. தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டத்தை நமக்குக் கொடுத்த இங்கிலாந்து தன் ஊரில் 1961-இலேயே தற்கொலை முயற்சியைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. நாம் வைத்துக்கொண்டிருந்தோம். நடைமுறையில் அந்தப் பிரிவில் சிறைக்குப் போனவர்கள் குறைவு. ஆனால் வழக்கு என்ற சொல்லே போதுமானதாக இருந்தது. தனியார் ஆஸ்பத்திரி வாசலிலேயே, "போலீஸ் கேஸு, ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க" என்று திருப்பிவிடுவார்கள். அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு வண்டி பிடித்துப் போவதற்குள் போன நேரம் திரும்பி வராது. எந்த மருத்துவமனையானாலும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும், போலீஸ் நடைமுறை பிறகுதான் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இல் தெளிவாகச் சொன்னது. தீர்ப்பு வந்ததும் வாசல்கள் திறந்துவிடவில்லை. வருஷக்கணக்கில் ஆனது.

ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன். பத்தொன்பது வயசுப் பெண். இடது கையில் டிரிப்ஸ் ஊசியை ஒட்டிய பிளாஸ்திரி, அதற்கு மேல் தர்காவில் கட்டிய கறுப்புக் கயிறு, அதற்கும் மேல் தாயத்து. நெற்றியில் யாரோ பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து இமை வரை இறங்கியிருந்தது. கட்டிலின் இந்தப் பக்கம் அம்மா. அந்தப் பக்கம் நீளவாக்கில் மடித்த நோட்டோடு ஏட்டு.

"வயித்துவலின்னு எழுதிக்குங்கய்யா. அடுத்தவளுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கோம்."

"நான் எதை எழுதினாலும் டாக்டர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல போட்டதுதாம்மா நிக்கும்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அந்த அம்மாவுக்கு டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினவர். ஆனால் அவர் கையில் இருந்த படிவத்தில் அவர் கேட்பதற்கு வேறு கேள்வி இல்லை. டியூட்டி டாக்டருக்கு அன்றைக்கு வார்டு முழுக்கக் கூட்டம். மனநல மருத்துவர் பதவியே அந்த மருத்துவமனையில் அப்போது கிடையாது. ஏட்டு போனபிறகு அந்தப் பெண் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அக்கா, என்னை ஜெயில்ல போட்ருவாங்களா?"

ஏன் இப்படிச் செய்தாய் என்று அந்த வார்டில் அவளை யாரும் கேட்டிருக்கவில்லை. அவளும், ஏன் என்பதைவிட இனி என்ன ஆகும் என்ற பயத்தில் இருந்தாள். குற்றவியல் இங்கே வேலை செய்யவில்லை என்பது எனக்கு அப்போது உறைத்தது. தண்டனை பற்றிய பயம் அவளைத் தடுக்கவில்லை. பிழைத்த பிறகு அவளை வாய் திறக்கவிடாமல் செய்வதற்குத்தான் அது பயன்பட்டது.

"தீராத வயிற்றுவலி" என்று செய்தித்தாளில் படித்துப் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஸ்டேஷன் ஃபைல்களிலும் பக்கம் பக்கமாக அதுதான். உண்மையில் வயிற்றுவலி இருந்தவர்களும் உண்டு. ஆனால் கடன், காதல், கணவன் அடித்தது, பரீட்சை, குடி எல்லாம் அந்த ஒரு வரிக்குள் போய் ஒளிந்துகொண்டன. காரணம் தெரிந்த குடும்பம் பயத்தில் மறைக்கிறது. மறைத்ததை அரசு பதிவு செய்கிறது. பதிவானதிலிருந்து புள்ளிவிவரம் பிறக்கிறது. அதை வைத்து எந்தத் தடுப்புத் திட்டத்தைப் போட முடியும்? கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் இறந்தால் ஆர்.டி.ஓ. விசாரணை என்று 1980-களில் சட்டம் திருத்தப்பட்டபிறகு சில மரணங்களின் காரணமாவது வெளியே வந்தது. கல்யாணமாகாத பெண்களுக்கு அதுவும் இல்லை.

கணக்கு எவ்வளவு பிசகியிருக்கிறது என்று காட்டியது போலீசும் இல்லை, எங்கள் துறையும் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் சமூக மருத்துவத் துறைதான். கணியம்பாடி வட்டாரத்தில் அவர்களுடைய சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு இறப்புக்கும் உறவினரோடு உட்கார்ந்து பேசி, காரணத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். 1992 முதல் 2001 வரையிலான அந்தப் பதிவுகள் 2004-இல் லான்செட் இதழில் வந்தன. 10 முதல் 19 வயதுப் பெண்களில் லட்சத்துக்கு 148 பேர், பையன்களில் 58 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அந்த வயதுப் பெண்களின் மரணங்களில் பாதி முதல் முக்கால் பங்கு வரை இதுவே காரணம். அந்தக் கட்டுரையின் நகலை எடுத்துக்கொண்டு எங்கள் துறை மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் கொடுத்தேன். கணக்கு மாறியதற்குக் காரணம், கேட்டவர் சீருடையில் இல்லாததும், வழக்கு வராது என்று தெரிந்ததும். கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் பக்கத்துத் தெருக்காரர். அவரிடம் அம்மாக்கள் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னார்கள்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2002-இல், உலக சுகாதார நிறுவனம் வன்முறையும் சுகாதாரமும் பற்றிய தன் முதல் உலக அறிக்கையை வெளியிட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டில் வன்முறையால் இறந்தவர்கள் சுமார் 16 லட்சம் பேர். அதில் கிட்டத்தட்டப் பாதி தற்கொலை, மூன்றில் ஒரு பங்கு கொலை, ஐந்தில் ஒரு பங்கு போர். கொலையும் தற்கொலையும் ஒரே நூலில், காய்ச்சலுக்கும் காசநோய்க்கும் கணக்குப் போடுகிற அதே முறையில் எழுதப்பட்டிருந்தன. "நீ எந்தத் துறை?" என்று கேட்டவர்களுக்கு அதன்பிறகு அந்தப் புத்தகத்தைக் காட்ட முடிந்தது.

பொதுச் சுகாதாரம் எனக்குக் கற்றுக்கொடுத்த முக்கியமான பாடத்தை இலங்கையில்தான் கண்ணால் பார்த்தேன். 1995-இல் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 பேர். உலகத்திலேயே மிக மோசமான நிலைகளில் ஒன்று. விவசாயக் கிராமங்களில் பூச்சிமருந்து எல்லா வீட்டிலும் இருந்தது. ஒரு நிமிஷ ஆத்திரமும் ஒரு கை தூரத்துப் போத்தலும் சேர்ந்தால் போதும். சாக வேண்டும் என்று திட்டமிடாதவர்களும் செத்தார்கள். அரசு 1980-களிலிருந்து படிப்படியாக மிகக் கொடிய நச்சு வகைகளைத் தடை செய்தது. 1995-க்குப் பிறகு விகிதம் இறங்க ஆரம்பித்து, இருபது ஆண்டில் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அந்தக் காலத்தில் சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். விளைச்சல் குறையவில்லை. 1998-இல் தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டத்தையும் நீக்கிவிட்டார்கள். அங்கே சோகம் குறைந்துவிடவில்லை, போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஆத்திரம் அடங்கும்வரை நஞ்சைக் கைக்கெட்டாமல் வைத்தாலே பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள், பிழைத்தபிறகு வாழ்கிறார்கள் என்பதுதான் பாடம்.

நம் பக்கத்திலும் இதைச் செய்து பார்த்தார்கள். சென்னையில் 1986-இல் சிநேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார், காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் பூச்சிமருந்துக்கென்று பொதுக் காப்பறை கட்டி, வங்கி லாக்கர் மாதிரி ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்தார். மருந்து வயலுக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம், வீட்டுக்குப் போகாது. "வீட்டுல புள்ளைங்க இருக்கு, இது நல்லதுதான்" என்று அங்கே பெண்கள் சொல்வார்கள். தமிழ்நாடு முழுக்க இப்படி இருந்தால் என்ன என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்றும் கேட்கிறேன்.

இனி மதம். எனக்கு மிகவும் நெருங்கியதும், எழுதக் கடினமானதும் அதுதான்.

எங்கள் ஊரில் நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அப்படி இறந்தவர்களுக்குத் துக்கமணி அடிக்க மாட்டார்கள். பூசை கிடையாது. கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு வெளியே, கருவேலம் படர்ந்த பக்கம் குழி. சிலுவை நடக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஊர் கொடுத்த இரண்டாவது அடி அது. அன்றைய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், 1917-இல் தொகுக்கப்பட்டது, மனமறிந்து உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கம் கூடாது என்றது. 1983-இல் வந்த புதிய சட்டத்தொகுப்பில் அந்தத் தடை இல்லை. 1992-இன் மறைக்கல்வி நூல், கடுமையான மனக்கலக்கமும் வேதனையும் அந்த மனிதரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், திருச்சபை அவர்களுக்காக ஜெபிக்கிறது என்றும் சொல்கிறது. ரோமாபுரியில் மாறியது எங்கள் ஊருக்கு வந்துசேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. இன்று பங்குச்சாமி வீட்டுக்கே போய் ஜெபம் சொல்லி, மணி அடித்து, சுவருக்கு உள்ளே அடக்கம் செய்கிறார். அப்பா உயிரோடு இருந்தபோதே இந்த மாற்றத்தைப் பார்த்தார். "முன்னமே செய்திருக்கலாம்" என்றார். அவர் சொன்னது சரி.

மதம் எப்போதும் கண்டித்தது மட்டும் இல்லை. தெற்கத்தி ஊர்களில் அகாலத்தில் இறந்த பெண்ணுக்குப் பீடம் போட்டு, வருஷத்துக்கு ஒருதரம் சேலை சாத்திக் கும்பிடுவது உண்டு. அதில் குற்ற உணர்வும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. ஊர் செய்த அநியாயத்தை ஊரே ஒப்புக்கொள்வது போலத் தோன்றும். ஆனால் உயிரோடு இருந்தபோது அவள் பேச்சைக் கேட்காதவர்கள், இறந்தபிறகு அவளிடம் வரம் கேட்பதை என்னால் ஒருபோதும் ஏற்க முடிந்ததில்லை.

செஞ்சிக்குப் பக்கத்துத் திருநாதர்குன்றில் ஒரு பழைய கல்வெட்டு இருக்கிறது. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது என்று அந்தக் கல் சொல்கிறது. மாணவர்களை அங்கே கூட்டிப்போய், 309-ஆவது பிரிவு இவருக்குப் பொருந்துமா என்று கேட்பேன். அது வெறும் வகுப்புக் கேள்வியாகத்தான் இருந்தது. 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சமணர்களின் சல்லேகனை நோன்பைத் தற்கொலைக்குச் சமமாகக் கருதி, அதைத் தடுத்து வழக்குப் பதியச் சொன்னது. அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. முதுமையில், நோயில், சமூகம் சூழ இருக்க மெல்ல விலகும் துறவியையும், யாருமில்லை என்று நினைத்து நள்ளிரவில் தவிக்கும் பத்தொன்பது வயசுப் பெண்ணையும் ஒரே பிரிவில் அடைத்த சட்டம், இரண்டு பேரையுமே புரிந்துகொள்ளவில்லை என்பது என் கருத்து.

2001 ஆகஸ்ட் 6-ஐப் பற்றிச் சொல்லாமல் மதத்தைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக்கொட்டகை அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த காப்பகங்கள் எல்லாம் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசுப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. செய்தி வந்த அன்று எங்கள் துறையில் பேசிக்கொண்டது குற்றத்தைப் பற்றி: யார் மேல் எந்தப் பிரிவு. அது அவசியம்தான். ஆனால் அந்தச் சங்கிலி தர்காவிலிருந்து வரவில்லை. தர்காவில் தொழுபவரும் ஓதுபவரும் யாரையும் பூட்டச் சொல்லவில்லை. குடும்பத்துக்கு வேறு வழி இல்லாததால் அங்கே வந்தார்கள். பக்கத்து மாவட்ட மருத்துவமனையில் மருந்து இல்லை, டாக்டர் இல்லை, இருந்தாலும் அங்கே போனால் "பைத்தியம்" என்ற பேர் வரும். தர்காவுக்குப் போனால் அந்தப் பேர் வராது. அந்த இடைவெளியில் காசு பார்த்தவர்கள் சங்கிலியை மாட்டினார்கள்.

விபத்துக்கு அடுத்து வந்த கோபத்தில், இப்படிப்பட்ட வழிபாட்டுத் தலங்களையே இழுத்துமூட வேண்டும் என்று எழுதினார்கள். நான் அப்போதும் அதை ஏற்கவில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த மருத்துவர்கள் திண்டுக்கல் பக்கம் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கியிருந்த 31 மனநோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் பி.எம்.ஜே. இதழில் எழுதினார்கள். எந்த மருந்தும் இல்லாமல், சில வாரத் தங்கலில், நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. மந்திரம் ஓதிக் கிடைத்த பலன் இல்லை அது. அங்கே யாரும் கட்டிப்போடவில்லை, பரிகசிக்கவில்லை. காலையில் கோயில் வேலை, வேளைக்குச் சாப்பாடு, பக்கத்தில் சொந்தக்காரர். திருச்சிக்குப் பக்கத்துக் குணசீலத்தில் 48 நாள் தங்குவார்கள். உச்சிகாலப் பூசை முடிந்து முகத்தில் தீர்த்தம் தெளிக்கும்போது, மாதக்கணக்காக யாரையும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு மனிதர் சட்டென்று நிமிர்ந்து பட்டரைப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு கணத்தால் நோய் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவரை மனிதராக நடத்துகிற ஒரு இடம் அவருக்கு இருக்கிறது. அங்கேயே மருந்தும் கிடைத்தால் என்ன குறை?

இன்று அது நடக்கிறது. குணசீலத்தில் கோயிலை ஒட்டியே உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது, மனநல மருத்துவர் வருகிறார். ஏர்வாடியில் தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மருந்தும் துஆவும் சேர்ந்தே கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்தது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. அன்று ஓதுபவரும் டாக்டரும் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்த்தார்கள். இன்று, "ஓதிக்கிட்டு அந்த ரூம்ல டாக்டரையும் பாத்துட்டுப் போங்கம்மா" என்று ஓதுபவரே சொல்கிறார்.

சட்டத்தின் கதை இதைவிட நீளம். 309-ஐ நீக்கலாம் என்று சட்ட ஆணையம் தன் 42-ஆவது அறிக்கையில் 1971-இலேயே சொல்லிவிட்டது. மசோதா 1978-இல் மாநிலங்களவையில் நிறைவேறி, மக்களவை கலைந்ததால் காலாவதியானது. 1994-இல் உச்ச நீதிமன்றம், ரத்தினம் வழக்கில், அந்தப் பிரிவு செல்லாது என்றது. வகுப்புக் குறிப்புகளை மகிழ்ச்சியோடு திருத்தினேன். 1996-இல் கியான் கௌர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, செல்லும் என்றது. மறுபடி திருத்தினேன். 2008-இல் நீதியரசர் ஏ.ஆர். லட்சுமணன் தலைமையிலான சட்ட ஆணையம் 210-ஆவது அறிக்கையில் மீண்டும் நீக்கச் சொன்னது. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரை விசாரிக்கவோ தண்டிக்கவோ கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது. 2024 ஜூலை 1-இல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது 309 அதில் இல்லை. வார்டில் என்னைக் கேட்ட அந்தப் பெண்ணுக்கு இன்று, "போட மாட்டாங்கம்மா" என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம்.

ஆனால் ஒன்றே ஒன்றைச் சட்டம் விட்டுவிடவில்லை. புதிய சட்டத்தின் 226-ஆவது பிரிவு, அரசு ஊழியரை ஒரு செயலைச் செய்யவைக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை அல்லது சமூக சேவை என்கிறது. அதைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது ஒன்று: 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே அழிந்தது. அப்பா, அம்மா, இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகள். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. அந்தக் குடும்பம் அழிந்தபிறகு திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் போலீசார் மனு கொடுக்க வருகிறவர்களின் பையைத் துழாவுகிறார்கள். பையைப் பார்ப்பது சரிதான். பையோடு வந்தவரின் மனுவை அன்றைக்கே யாராவது உட்கார்ந்து படிப்பதும் அதே அளவு அவசியம். அந்த நிலைக்கு வந்தவரைச் சிறைக்கு அனுப்பும் பிரிவு நீங்க வேண்டும்.

கணக்கு இன்னும் போலீஸ் கையில்தான். 2022-இல் இந்தியாவில் பதிவான தற்கொலைகள் 1,70,924. தமிழ்நாட்டில் 19,834, மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். காரணப் பட்டியலில் குடும்பப் பிரச்சினையும் நோயும் சேர்ந்தால் பாதி. அந்த "நோய்" என்ற கட்டத்துக்குள் இன்னும் எத்தனை வயிற்றுவலி இருக்கும் என்று நினைக்காமல் என்னால் அந்த அட்டவணையைப் படிக்க முடிவதில்லை. 2022 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030-க்குள் மரணங்களைப் பத்து சதவீதம் குறைக்க வேண்டும் என்கிறது. குறைந்ததா என்று அறிய சுகாதாரத் துறை உள்துறையின் அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மருத்துவமனைகளே முயற்சிகளையும் மரணங்களையும் பதிவு செய்து, வாராவாரம் டெங்குவுக்குச் செய்வதுபோல் மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். குற்றம் இல்லை என்று சட்டமே சொன்னபிறகு, கணக்கு குற்ற ஆவணக் காப்பகத்தில் இருக்க நியாயமில்லை.

இப்போது நான் ஓய்வுபெற்றுவிட்டேன். அருட்பணியாளர் பயிற்சி நிலையங்களிலும் ஆலிம்கள் கூட்டங்களிலும் கோயில் பணியாளர் முகாம்களிலும் கூப்பிட்டால் போகிறேன். அன்று என்னை உள்ளே விடத் தயங்கிய இடங்கள் அவை. அங்கே நான் சொல்வது ஒன்றுதான். வீட்டில் சொல்லாததை, போலீசிடம் சொல்லாததை, டாக்டரிடம் சொல்லாததை மக்கள் உங்களிடம் சொல்கிறார்கள். பாவம் என்று ஆரம்பிக்காதீர்கள். "சாகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் தூண்டப்படுவதில்லை, பெரும்பாலும் நிம்மதிதான் வருகிறது. பதிலைக் கேட்டுவிட்டுத் தனியே விடாதீர்கள். கூட உட்காருங்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இதைப் படிக்கிறவருக்கும் அதையேதான் சொல்கிறேன். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ அப்படி ஒரு இரவு வந்தால், 14416-க்குப் போன் போடுங்கள். டெலி-மனாஸ், அரசின் மனநல உதவி எண். தமிழில் பேசலாம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104-லும் பேசலாம். போலீசும் வராது, வழக்கும் கிடையாது.